வாழுங்காலத்து டிரஸ்டு

1809-இல் பெங்களூர்த் தண்டு அமைந்த பின்னர், அதனை ஒட்டிய அல்சூர்ப் பகுதியில் தமிழர் பலர் குடியேறினர். அப்பகுதியைச் சேர்ந்த ஜோகுபாளையத்தில் இன்று ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் வாழ்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அங்கே வாடகை வரும் வீடு. குடியாத்தத்தில் சிறிது நிலம். மூத்த மகன் வெளிநாட்டில், மகள் சென்னையில். இளைய மகனோ பிறவியிலேயே அறிவு வளர்ச்சி குன்றியவன்.

"உயில் எழுதிவிட்டேன், இனிக் கவலையில்லை" என்கிறார் பெரியவர். உயில் எப்போது பேசும்? அவர் கண்மூடிய பிறகுதான். உயிரோடிருந்தும் நினைவு தடுமாறிக் கிடக்கும் ஆண்டுகளில் அது பெட்டிக்குள் மௌனமாகவே இருக்கும். பவர் பத்திரமும் கைகொடாது. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி, அதிகாரம் அளித்தவர் சித்த சுவாதீனம் இழந்தால் முகவரின் அதிகாரமும் முடிந்துபோகும். அதன்பின் வாடகையை வாங்கவும் மருத்துவருக்குக் கொடுக்கவும் நீதிமன்றத்தைத்தான் நாடவேண்டும்.

இந்த இடைவெளிக்காகவே, வாழுங்காலத்தில் எழுதி, வேண்டும்போது மீட்டுக்கொள்ளக்கூடிய டிரஸ்டு பயன்படுகிறது. அறக்கட்டளை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மொழிபெயர்ப்புத் தொழிலில் இச்சொல்லோடு பலமுறை மல்லுக்கு நின்றிருக்கிறேன். அறக்கட்டளை என்றதும், 1873-இல் ஆர்க்காடு நாராயணசாமி முதலியார் பெங்களூரில் தொடங்கிய கல்விப் பணி போன்ற பொதுத் தருமமே நினைவுக்கு வரும். நாம் பேசுவது குடும்பத்திற்குரிய தனி டிரஸ்டு. இதற்கு 1882-ஆம் ஆண்டின் இந்திய டிரஸ்டுச் சட்டம் உண்டு. பொதுத் தருமங்களுக்கு அது பொருந்தாது.

பெரியவர் பத்திரத்தில் எழுதுவது இதுதான்: வீட்டின் வருவாய் தமக்கும் மனைவிக்கும் ஆயுள்வரை, பிறகு இளையவனுக்கு, அவனுக்குப் பின் மற்ற இருவருக்கு. முதற் பொறுப்பாளர் தாமே. தம்மால் நிர்வகிக்க இயலாதென இரு மருத்துவர்கள் எழுதிக் கொடுத்தால், அன்றே மகள் பொறுப்பேற்க வேண்டும். அசையாச் சொத்தாதலால் பத்திரத்தைப் பதிவு செய்தேயாக வேண்டும்.

இனி உயிர்நிலையான ஒரு வரி. "இதனை ரத்து செய்யும் அதிகாரத்தை எனக்கே வைத்துக்கொள்கிறேன்" என்று வெளிப்படையாக எழுதவேண்டும். அதை விட்டுவிட்டு எழுதிய டிரஸ்டைப் பின்னர் மீட்க எண்ணினால், பயனாளிகள் அனைவரும் இசையவேண்டும். அவர்கள் ஒப்பந்தம் செய்யத் தகுதியுள்ளவர்களாகவும் இருக்கவேண்டும் என்கிறது சட்டத்தின் 78-ஆவது பிரிவு. இளைய மகனால் அத்தகைய இசைவைத் தர இயலுமா? இயலாது. எவனைக் காக்க எழுதினாரோ, அவன் பொருட்டே கதவு அடைபட்டுவிடும்.

வரி மிச்சமாகும் என்று யாரேனும் ஆசை காட்டினால் நம்பவேண்டாம். மீட்கக்கூடிய டிரஸ்டின் வருவாய் எழுதியவரின் வருவாயாகவே கணக்கிடப்படும். 1953-இல் வந்த எஸ்டேட் வரியோ 1985-இலேயே நீங்கிவிட்டது. அமெரிக்காவில் 1965-இல் நார்மன் டேசி எழுதிய ஒரு நூல் இவ்வகை டிரஸ்டைப் பரப்பிற்று. உயிலை நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கும் செலவைத் தவிர்ப்பது அங்கே நோக்கம். நம் பெரியவருக்கு நோக்கம் வேறு. முத்திரைத் தீர்வை மாநிலத்திற்கு மாநிலம் மாறும். பத்திரம் எழுதுமுன் சார்பதிவாளர் அலுவலகத்தில் விசாரித்துக்கொள்வது நலம்.

குடியாத்தத்து நிலத்திற்குத் தனிப் பத்திரம் எழுதி, அந்நிலம் அமைந்த பகுதியின் சார்பதிவாளரிடமே பதிவு செய்வது நல்லது. அது பிதுரார்ஜிதமானால் பெரியவர் தம் பங்கை மட்டுமே டிரஸ்டில் வைக்கலாம்; அதில் மகளுக்கும் பிறப்புரிமை உண்டு. டிரஸ்டில் சேராத பொருளுக்கு ஓர் உயில் அப்போதும் வேண்டும். அதற்கு முத்திரைத் தாள் வேண்டாம். இரு சாட்சிகள் போதும்.

இவற்றுக்கெல்லாம் முன்னதாகப் பெரியவர் சென்னைக்குப் போய் மகளிடம் கேட்கவேண்டும். பொறுப்பை ஏற்குமுன் மறுக்க அவளுக்கு உரிமையுண்டு. ஏற்றபின் விலகுவதாயின், பத்திரத்தில் அதற்கு இடம் வைத்திருக்கவேண்டும்; இல்லையேல் தகுதியுள்ள பயனாளியின் இசைவோ நீதிமன்றத்தின் அனுமதியோ பெறவேண்டும்.