ஏடு படிக்கும் கல்வி



தமிழ் கற்ற எவரும் ஓலைச்சுவடியைப் படித்துவிடலாம் என்று எண்ணுவது இயல்பு. கையிலெடுத்துப் பார்த்தவர்க்கே அதன் கடுமை விளங்கும். பழைய ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இராது. எகர ஒகரங்களில் குறில் நெடில் வேறுபாடு இராது. ரகரமும் காலும் ஒரே வடிவின. சொற்களுக்கிடையே இடைவெளியின்றி, செய்யுளும் உரைநடை போலவே ஓடும்.

ஒற்றைக் கொம்பு, ககரம், ஒரு கால் ஆகிய மூன்றும் ஓலையில் அடுத்தடுத்து நிற்கின்றன என்று கொள்வோம். அது கொ ஆகலாம், கோ ஆகலாம். காலை ரகரமாகக் கொண்டால் கெர, கேர, கெர், கேர் என்றும் ஆகலாம். மூன்று கீறலுக்கு ஆறு வாசிப்பு! ஒரே அடியில் இத்தகைய இடம் நான்கைந்து வருவதும் உண்டு.

இங்கே தீர்ப்புச் சொல்வது கண் அன்று, செவி. கொடி என்பது நிரையசை ஒன்று. கோடி என்பது நேரசை இரண்டு. வெண்பாவாயின் தளை தட்டும் வாசிப்பு உடனே விலகிவிடும். எதுகையும் மோனையும் மேலும் சிலவற்றை ஒதுக்கும். எஞ்சியவற்றுள் பொருள் ஒன்றைத் தேரும். யாப்பிலக்கணத்தை ஏட்டளவில் மட்டும் கற்றவரும் இதனைச் செய்யலாம். ஓர் இடத்தில் நெடுநேரம் தங்கிவிடுவார், அவ்வளவே. பழகியவரோ படித்துக்கொண்டே போவார். ஆறில் ஒன்றைத் தேர்ந்ததை அவரே உணரமாட்டார்.

உ.வே. சாமிநாதையர் இச்செவியை எங்கே பெற்றார்? 1871 முதல், ஆசிரியர் மறைந்த 1876 வரை, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்றார். பிள்ளை வாய்மொழியாகச் செய்யுள் சொல்லச் சொல்ல, மாணவர் ஏட்டில் எழுதுவது அங்கே வழக்கம். கற்றவையோ அந்தாதியும் கலம்பகமும் பிள்ளைத்தமிழும் தலபுராணங்களும். 1880-இல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியார் அவற்றைப் பெரிதாகக் கருதவில்லை. சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று வினவினார். அவ்வினாவைப் போற்றுவோர் அந்தப் பழைய பயிற்சியை வீண் என்று ஒதுக்கிவிடுகின்றனர். அது நேர்மையன்று. ஆயிரக்கணக்கான செய்யுட்களைக் கேட்டும் எழுதியும் பண்பட்ட செவியே சிந்தாமணி ஏட்டைப் படித்தது.

அது மட்டும் போதவில்லை என்பதும் உண்மை. சமணக் கோட்பாடு விளங்காத இடங்களில் அவர் சமணர் இல்லங்களுக்குச் சென்று கேட்டறிந்தார். 1887-இல் நூல் வெளிவந்தது. பத்துப்பாட்டு 1889-இலும், சிலப்பதிகாரம் 1892-இலும், புறநானூறு 1894-இலும் தொடர்ந்தன. ஒருவர் படிக்க, மற்றவர் வேறு பிரதியோடு ஒத்துப் பார்ப்பது பதிப்பு வேலையின் அன்றாட நடைமுறை. ஏடெழுதியவர் ஒவ்வொருவர்க்கும் உரிய பிழைகள் உண்டு. அவை பல ஏடுகள் பார்த்த பின்னரே பிடிபடும். கி.வா. ஜகந்நாதன் போன்றோர் இத்தொழிலைக் கற்றது ஐயரின் அருகிலிருந்துதான்.

இன்று சென்னையிலும் தஞ்சைச் சரசுவதி மகாலிலும் உள்ள சுவடிகள் பல படமெடுக்கப்பட்டுள்ளன. நற்பணியே; எனினும் படம் புள்ளியிடாது. அச்சேறாதவற்றுள் மருத்துவச் சுவடிகள் மிகுதி. அங்கே ஒரு பின்னக் குறியைப் பிறழப் படித்தால் மருந்தின் அளவே மாறிவிடும். வெண்பா கைவந்த கவிஞர்க்கு இக்கல்வியில் பாதி முன்னரே கிட்டியிருக்கிறது. மறுபாதியை அருகிருத்திக் கற்பிக்க வல்லவர் இன்னும் சிலர் இருக்கின்றனர், பெரும்பாலோர் முதியவர்.