வாசித்துக் காட்டாமல் கைநாட்டு வேண்டாம்

(சிதம்பரத்தில் நடந்த கூட்டமைப்பு உறுப்பினர் கூட்டத்தில் பேசியதின் எழுத்து வடிவம்)



நம்ம குழுவில் ஒரு நல்ல வழக்கம் இருக்கு. தீர்மான நோட்டில் எழுதியதை ஒருத்தர் சத்தமா வாசிப்பார். எல்லோரும் கேட்ட பிறகுதான் கையெழுத்து. இந்த வழக்கம் நம்ம வீட்டுக்குள்ளே இருக்குதா? நம்ம மாமியாரிடம், ஆயாவிடம் யாராவது ஒரு பேப்பரை நீட்டினால், அதில் என்ன எழுதியிருக்குன்னு வாசிச்சுக் காட்டறோமா?

விழுப்புரத்தில் இருந்து கடலூர், சிதம்பரம் வழியா நாகப்பட்டினம் போகிற நான்கு வழிச்சாலை வேலை ஆரம்பித்ததில் இருந்து, சாலையோர நிலத்துக்கு மதிப்பே வேற. அரை ஏக்கர் புஞ்சை வைத்திருக்கிற கிழவியைத் தேடி இப்ப புரோக்கர் வருகிறார். அவரைவிட முன்னாடி, பல வருஷமா எட்டிப் பார்க்காத உறவுக்காரர் வருகிறார். "உதவித்தொகைக்கு எழுதிப் போடலாம் வா ஆயா" என்று காரில் ஏற்றிக்கொண்டு போய், ரெஜிஸ்டர் ஆபீசில் இறக்கினால் அவங்களுக்கு என்ன தெரியும்?

மூன்று பத்திரத்தின் வித்தியாசத்தை மட்டும் மனசில் வாங்கிக்குங்க. உயில் என்பது எழுதியவர் காலத்துக்குப் பிறகுதான் செல்லும். உயிரோடு இருக்கும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். செட்டில்மெண்ட் அப்படி இல்லை. பதிவான அன்றைக்கே சொத்து கைமாறிப் போகும். மனசு மாறிவிட்டது என்று கொடுத்தவர் தானாகவே போய் ரத்து செய்ய முடியாது. பவர் பத்திரம் இன்னும் ஆபத்து. அதை வாங்கினவர் உங்க பெயரில் நிலத்தை விற்கலாம். பவரை ரத்து செய்ய முடியும், ஆனால் அதற்குள் கிரயம் ஆகிவிட்டால் கோர்ட்டுக்கு அலையணும். "உயில்தான் எழுதறோம்" என்று சொல்லி செட்டில்மெண்டில் கைநாட்டு வாங்குவதுதான் நம்ம பக்கம் அடிக்கடி காதில் விழுகிற ஏமாற்று.

பதிவு செய்யும்போது சார்பதிவாளர் எழுதிக் கொடுப்பவரிடம், "இது நீங்க எழுதிக் கொடுத்ததுதானா?" என்று கேட்கணும். சட்டமே அப்படித்தான் சொல்கிறது. "நான் எழுதித் தரல" என்று சொன்னால் அவரால் பதிவு செய்ய முடியாது. அந்த ஒரு நிமிஷத்துக்கு எவ்வளவு பலம் பாருங்க. ஆனால் பக்கத்தில் நிற்கிறவன் "ஆமான்னு சொல்லு ஆயா" என்கிறான், அவங்களும் தலையாட்டிவிடுகிறார்கள். அதனால் ரெஜிஸ்டர் ஆபீசுக்குப் போகிற பெரியவங்களோடு, அந்தச் சொத்தில் பங்கு கேட்காத ஒருத்தர் கூடப் போகணும். அது குழுவில் ஒரு சகோதரியாக இருக்கலாம்.

சரி, பிரியப்பட்டே மகனுக்கு எழுதிக் கொடுத்தாச்சு, அப்புறம் சோறு போடவில்லை என்றால்? அதுக்குத்தான் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007 இருக்கு. அதில் 23-வது பிரிவு. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, வாங்கினவர் பராமரிக்காவிட்டால் திரும்பப் பெறலாம். அந்தச் சட்டம் அமலுக்கு வந்த பிறகு எழுதிய பத்திரத்துக்குத்தான் இது செல்லும்.

நம்ம பக்கத்து நாகப்பட்டினத்தில் நடந்ததைக் கேளுங்க. 80 வயதைத் தாண்டிய தாயார் மகனுக்கு செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்தார். மகன் இறந்து போனார், மருமகள் கவனிக்கவில்லை. தாயார் கோட்டாட்சியரிடம் மனு கொடுத்தார், பத்திரம் ரத்தானது. மருமகள் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனார். 2025 மார்ச்சில் தீர்ப்பு தாயார் பக்கமே வந்தது. "பராமரிக்கணும்" என்று பத்திரத்தில் தனியா எழுதாவிட்டாலும், அன்பினாலும் பாசத்தினாலும் கொடுத்தது என்பதிலேயே அந்த எதிர்பார்ப்பு அடங்கியிருக்கு என்று நீதிபதிகள் சொன்னார்கள்.

அதற்காக எழுதாமல் விட்டுவிடாதீங்க. 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில், நிபந்தனை இல்லாவிட்டால் இந்தப் பிரிவு செல்லாது என்றும் சொல்லியிருக்கு. ஆகவே பத்திரம் எழுதுபவரிடம் கேட்டு எழுத வைக்கணும்: "என் ஆயுள்வரை நானே குடியிருந்து அனுபவிப்பேன். சோறு, துணி, வைத்தியம் பார்க்க வேண்டும். தவறினால் இந்தப் பத்திரம் ரத்து." இரண்டு வரிதான். இதை எழுத முகம் சுளிக்கிற மகனிடம் சொத்தைக் கொடுக்கலாமா என்று நீங்களே யோசிங்க!

மனுவை எங்கே கொடுப்பது? சிதம்பரம், புவனகிரி, காட்டுமன்னார்கோயில், ஸ்ரீமுஷ்ணம் தாலுகாக்காரங்க சிதம்பரம் கோட்ட அலுவலகத்தில் கொடுக்கணும். கடலூர், பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி என்றால் கடலூர் கோட்டாட்சியர் அலுவலகம். 60 வயது ஆகியிருக்கணும். வக்கீல் வைத்துத்தான் ஆகணும் என்பது இல்லை. நடக்க முடியாதவர் எழுதிக் கொடுத்தால், பதிவு பெற்ற அமைப்பும் அவருக்காக மனு போடலாம். நம்ம கூட்டமைப்பு இதைச் செய்யலாம், செய்யணும் என்பது என் கருத்து. பிள்ளை இல்லாத பெரியம்மா, சித்திகூட, தன் சொத்து யாருக்கு வந்து சேருமோ அந்த உறவினரிடம் பராமரிப்புத் தொகை கேட்கலாம். பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. தாலுகா கோர்ட்டில் உள்ள சட்டப் பணிகள் குழுவைக் கேளுங்க. போனில் என்றால் 15100. முதியோர் உதவி எண் 14567.

கசப்பான ஒன்றையும் சொல்லணும். நாகப்பட்டினம் வழக்கில் எதிர்த்தரப்பு ஒரு மருமகள். இந்தக் கூட்டத்திலும் மருமகள்கள்தான் அதிகம். மாமியாரின் உதவித்தொகையை விரல் வைக்கும் மெஷினில் எடுத்துக் கொடுக்கிறோம். எடுத்த பணம் முழுசா அவங்க கையில் போகுதா? ஏடிஎம் கார்டு யாருடைய முந்தானையில் இருக்கு? குழுக் கடனுக்காக அவங்க நகையை அடகு வைக்கும்போது அவங்களிடம் கேட்டோமா? யாரையும் கைகாட்டிச் சொல்லவில்லை, கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்க. வீட்டில் பெரியவங்க பெயரில் இருக்கிற நிலத்தின் சர்வே எண்ணைக் குறித்துக்கொண்டு, பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் பாருங்க. காசு கிடையாது. படிக்கிற பிள்ளையிடம் போனைக் கொடுத்தால் பார்த்துச் சொல்லும். அவங்களுக்கே தெரியாத பத்திரம் ஏதாவது அதில் ஏறியிருந்தால், அந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு கூட்டத்துக்கு வாங்க. மனு எழுத ஆள் உட்கார்ந்திருப்போம்.