அடுத்த அறையில் கேட்ட இசை

(பத்தாமாண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



‘கவிதையும் ஓசையும்’ என்று தலைப்புத் தந்தார்கள். யாப்பருங்கலக் காரிகையோடு வருவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். நான் கொண்டுவந்திருப்பதோ வீடியோ கேம் ஓசை. பொறுத்தருள வேண்டும்.

1990களின் நடுவில், இதே பெருந்துறையில், என் அண்ணனுக்கு அப்பா ஒரு டிவி கேம் வாங்கித் தந்தார். நிண்டெண்டோ நிறுவனம் 1983இல் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாம் கருவியின் நகல் அது. கேசட்டின் மேல் ‘9999 ஆட்டங்கள்’ என்றிருக்கும்; உள்ளே சில ஆட்டங்களே பெயர் மாறிப் பெயர் மாறி வரும். “பொம்பளப் புள்ளைக்கு எதுக்குக் கண்ணு அது?” என்றார் அமுச்சி. அண்ணனும் கூட்டாளிகளும் ஆசாரத்தில் ஆடினார்கள். நான் உள்ளறையில் பாடப்புத்தகத்தோடு இருந்தேன். ஆட்டத்தைப் பார்த்ததில்லை, கேட்டிருக்கிறேன்.

கேட்டே எல்லாம் அறிந்தேன். ‘சூப்பர் மேரியோ பிரதர்ஸ்’ ஆட்டத்தில் மிஞ்சிய நேரம் நூறுக்குக் கீழே இறங்கினால் இசை விரையும். அண்ணன் இக்கட்டில் இருக்கிறான் என்று பொருள். அவன் தாவும்போதெல்லாம் பாட்டில் ஒரு குரல் மெலியும். காரணம் பின்னாளில்தான் தெரிந்தது. அக்கருவியின் சில்லுக்கு ஐந்தே குரல்கள்: சதுர அலை இரண்டு, தாழ்ந்த சுருதிக்கு முக்கோண அலை ஒன்று, தாளத்துக்கு வெறும் இரைச்சல் ஒன்று, பதிவு செய்த ஒலித்துணுக்குக்கு ஒன்று. தாவும் ஓசைக்குத் தனிக்குரல் கிடையாது. பாட்டிடமிருந்துதான் கணநேரம் கடன் வாங்க வேண்டும். முக்கோண அலைக்கோ ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் வழியில்லை. ஒலிக்கும், அல்லது ஓயும். படம், ஆட்டம், இசை அனைத்தும் சேர்ந்து 40 கிலோபைட். அந்த நெருக்கடிக்குள் கோஜி கோண்டோ 1985இல் அமைத்த மெட்டை அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2023இல் தேசிய ஒலிப்பதிவுப் பேழையில் சேர்த்தது. தளை தட்டாமல் வெண்பா எழுதி அல்லற்பட்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்று சொல்ல வேண்டும். 1986இல் வந்த ‘காசில்வேனியா’ ஆட்டத்துக்கு இசையமைத்தவர் கினுயோ யமாஷிதா என்ற இளம்பெண். உடன் உழைத்தவர் சாதோஏ டெராஷிமா, அவரும் பெண். ஆட்டத்தின் முடிவில் திரையில் வரும் பெயரோ ‘ஜேம்ஸ் பனானா’! டிராகுலா திரைப்படத்துக்கு இசையமைத்த ஜேம்ஸ் பெர்னார்டை வைத்துச் செய்த வேடிக்கை. செம்புலப்பெயனீராரின் இயற்பெயரும் நமக்குத் தெரியாதுதான். ஆனால் அவருக்குப் பெயர் தந்தது அவருடைய சொல்லே; வேறொருவர் செய்த கேலி அன்று.

இதை ஏன் நினைக்கிறேன் என்றால், கல்லூரி நாளில் என் முதல் நான்கு கவிதைகளும் ஓர் ஆண் பெயரில் வெளிவந்தன. பெயரை வைத்தவள் நானே. ஆகவே பழியும் எனதே. முனைவர் பட்டம் பெற்ற பின்பும் அக்கவிதைகளை என்னுடையவை என்று சொல்லத் துணியவில்லை. இவ்வட்டத்தின் முதலாண்டுக் கூட்டத்தில்தான் அவற்றை என் பெயர் சொல்லி வாசித்தேன். அன்று இருந்தவர்கள் சிலர் இங்கும் இருக்கிறீர்கள், நன்றி.

சென்ற பொங்கலுக்கு வந்திருந்த அண்ணனிடம் மேரியோ சுரங்கத்துள் இறங்கும்போது வரும் மெட்டை முணுமுணுத்துக் காட்டினேன். சற்று யோசித்துவிட்டு, “நல்லாருக்கே, எந்தப் படத்துப் பாட்டும்மா?” என்றான்.