வேட்டை ஜீப்பின் முன் இருக்கையில் ஒரு கேமரா

(புனே, விமான் நகரில் தமிழ் உழைப்பாளர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



2023 ஆகஸ்ட் 4 அன்று நெட்ஃபிளிக்ஸில் வெளியான ‘தி ஹன்ட் ஃபார் வீரப்பன்’ ஆவணத் தொடரை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். செல்வமணி செல்வராஜ் இயக்கிய நான்கு பகுதித் தொடர் அது. அதன் உழைப்பைக் குறைத்து மதிப்பிட நான் வரவில்லை. முத்துலட்சுமியைப் பேச வைத்திருக்கிறார்கள். அதிரடிப்படையின் கொடுமைகளும் அதில் இடம்பெறுகின்றன. பொய் சொன்னார்கள் என்பதல்ல என் குற்றச்சாட்டு. பெயரிலேயே இருக்கிறது செய்தி. வேட்டை என்றால் வேட்டையாடுபவர், வேட்டையாடப்படுபவர் என்று இரண்டே தரப்பு. இடையில் சிக்கிய மலைக் கிராமங்கள் கதைக்குப் பின்புலமாகிவிடுகின்றன.

தொடரைப் பார்த்து முடித்த என் மராத்தி நண்பர் ஒருவர் கேட்டார்: “உங்கள் ஊர் மக்கள் ஏன் அவனைக் காட்டிக்கொடுக்கவில்லை?” நல்ல மனிதர், தொழிற்சங்க உணர்வுள்ளவர். ஆயினும் தொடர் அவரை அமர வைத்தது போலீஸ் ஜீப்பின் முன் இருக்கையில். அங்கிருந்து பார்க்கையில் மலைவாசி ஒவ்வொருவரும் துப்பு சொல்பவராகவோ உடந்தையாளராகவோதான் தெரிவார். தருமபுரிக்காரனான எனக்கு அக்கேள்வி சுருக்கென்று தைத்தது.

வீரப்பன் ஏழைப் பங்காளன் அல்லன். 1993 ஏப்ரல் 9 பாலாறு கண்ணிவெடியில் 22 பேர் உயிரிழந்தனர். அவர்களில் சீருடை அணியாத எளிய மனிதர்கள் பலர். ஆனால் அவனைப் பிடிக்கிறோம் என்ற பெயரில் அரசுப் படைகள் செய்தவையும் குற்றங்களே. மாதேஸ்வரன் மலையில் இருந்த வதைமுகாமுக்கு ‘ஒர்க்‌ஷாப்’ என்று பெயர்! தடாவில் சிறைப்பட்டோரில் பெரும்பாலோரை மைசூர் தடா நீதிமன்றம் 2001இல் விடுவித்தது. இழந்த ஆண்டுகளை யார் விடுவிப்பது? தேசிய மனித உரிமை ஆணையம் அமைத்த நீதிபதி சதாசிவா குழு வதைபட்டோரின் வாக்குமூலங்களைக் கேட்டது. 2007இல் 89 பேருக்கு 2.80 கோடி ரூபாய் நிவாரணம் வழங்க ஆணையம் பணித்தது. வேட்டையோ 2004 அக்டோபர் 18 அன்றே பாப்பாரப்பட்டி அருகே ஓர் ஆம்புலன்ஸில் முடிந்திருந்தது.

இனி, நண்பருக்கு நான் சொன்ன பதிலுக்கு வருகிறேன். அதே தருமபுரி மாவட்டத்தில், அரூரை அடுத்த வாச்சாத்தி. 1992 ஜூன் 20. சந்தன மரம் தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் அப்பழங்குடி ஊருக்குள் புகுந்தனர். 18 பெண்கள் பாலியல் வல்லுறவுக்கு ஆளாயினர். வீடுகள் நொறுக்கப்பட்டன, கிணற்று நீரும் பாழாக்கப்பட்டது. பெண்களும் குழந்தைகளுமாக நூற்றுக்கு மேற்பட்டோர் சேலம் சிறைக்குப் போயினர். அப்படி எதுவுமே நடக்கவில்லை என்றது அன்றைய அரசு. மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் அம்மக்களோடு நின்றன; தோழர் அ.நல்லசிவன் உச்ச நீதிமன்றம் சென்றார். 1995இல்தான் சிபிஐ விசாரணைக்கு உத்தரவு கிடைத்தது. குற்றம் சாட்டப்பட்டோர் 269 பேர், அத்தனை பேரும் அரசு ஊழியர்கள். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி அமர்வு நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது 54 பேர் இறந்துபோயிருந்தனர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என்றது தீர்ப்பு.

மர்மம், துணிவு, மூடிமறைப்பு, நீதிமன்றத்தில் அடையாளம் காட்டிய பெண்கள் என ஒரு குற்ற ஆவணத் தொடருக்கு வேண்டிய அனைத்தும் இதில் உண்டு. இல்லாதது மீசை ஒன்றுதான்!

அந்த நெட்ஃபிளிக்ஸ் தொடர் வெளியாகி எட்டு வாரங்களில், 2023 செப்டம்பர் 29 அன்று, சென்னை உயர் நீதிமன்றம் அத்தண்டனைகளை உறுதி செய்தது. அப்பெண்கள் ஒவ்வொருவருக்கும் 10 லட்சம் ரூபாய் வழங்க வேண்டும்; அதில் பாதியைக் குற்றவாளிகளிடமிருந்து வசூலிக்க வேண்டும்; அன்றைய மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் ஆகியோர் மீதும் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றது. வாச்சாத்திப் பெண்கள் அதற்காக 31 ஆண்டுகள் காத்திருந்தார்கள்.