கயிற்றில் இணைந்த நெஞ்சங்கள்

(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றப்பட்ட உரை)



தேவாரத்தின் மேற்கே ஏலமலை மதில்போல் எழுந்து நிற்கிறது. தோட்ட வேலைக்கு நடந்து மலையேறும் மக்கள் கூட்டமாகவே செல்வர். யானை உலவும் வழியில் துணையின்றி நடக்கலாகாது என்பதை அவர்களுக்கு எந்த நூலும் கற்பிக்கவில்லை. இம்மலைகளில் உறைபனிப் பாளங்கள் இல்லை. தென்னகத்தின் மிக உயர்ந்த ஆனைமுடியே 2,695 மீட்டர்தான். ஆயினும் பனிமலைப் பயணம் தமிழ் நெஞ்சுக்குப் புதியதன்று.

திருநாவுக்கரசர் கயிலை காணத் தனியே நடந்தார். கால்கள் தேய்ந்தன, கைகளை ஊன்றிச் சென்றார், மார்பால் தவழ்ந்தார், திரும்ப மறுத்தார். இறுதியில் இறையருளால் ஒரு பொய்கையில் மூழ்கித் திருவையாற்றில் எழுந்து, அங்கேயே கயிலைக் காட்சி கண்டார் என்கிறது பெரியபுராணம். அதே நூல் மற்றொரு பயணத்தையும் கூறுகிறது. இவ்வேலமலைக்கு அப்பால், சேரநாட்டுத் திருவஞ்சைக்களத்திலிருந்து சுந்தரர் வெள்ளை யானைமீது கயிலைக்குப் புறப்பட்டார். பிரிவைத் தாங்காத சேரமான் பெருமாள் குதிரையேறி உடன் சென்றார். கயிலை வாயிலில் சேரமான் தடுக்கப்பட்டார். உள்ளே சென்ற சுந்தரர், வெளியே நிற்கும் தோழருக்காக இறைவனிடம் விண்ணப்பித்தார். அடைய வேண்டியதை அடைந்த பின்னும் வாயிலில் நிற்பவரை அவர் மறக்கவில்லை.

இந்தத் தோழமைக்குப் பனிமலை ஏறுவோர் கண்ட வடிவமே கயிறு. பனியாறு என்பது மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும் பனிக்கட்டித் திரள். நகரும்போது அதில் ஆழமான பிளவுகள் விழும். புதுப்பனி அவற்றை மூடிவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே, நண்பர்கள் இடுப்பில் ஒரே கயிற்றைக் கட்டி, இடைவெளி விட்டு நடப்பர். ஒருவர் பிளவில் விழுந்தால் மற்றவர் அக்கணமே தரையில் பாய்ந்து, பனிக்கோடரியை ஊன்றித் தடுக்க வேண்டும்.

1953ஆம் ஆண்டு, அதுவரை எவரும் எட்டியிராத 8,611 மீட்டர் உயரமுள்ள கே-2 சிகரத்தை நாடி, சார்லஸ் ஹூஸ்டன் தலைமையில் ஒரு குழு சென்றது. ஏறக்குறைய 7,700 மீட்டர் உயரத்தில் எட்டுப் பேர் புயலில் சிக்கினர். ஆர்ட் கில்கி என்பவரின் காலில் இரத்தம் உறைந்து, நடக்க இயலாமற் போயிற்று. அவரைச் சுமந்து இறங்கினால் அனைவரும் மடிய நேரலாம் என்பது தெரிந்தே, நண்பர்கள் சிகரத்தைக் கைவிட்டு அவரோடு இறங்கினர். ஆகஸ்டு 10ஆம் நாள் ஒருவர் கால் வழுக்கியது. கயிறுகள் பின்னிக்கொள்ள ஐவர் சரிந்தனர். கில்கியைத் தாங்கி நின்ற 26 வயது பீட் ஷோனிங், பாறைக்குப் பின் ஊன்றிய ஒரே பனிக்கோடரியால் அத்தனை பேரையும் நிறுத்தினார். கில்கி மட்டும் அன்றே பனிச்சரிவோடு மறைந்தார். எழுவர் உயிரோடு திரும்பினர். சிகரத்தைத் தொடாத அக்குழுவை மலையேறுவோர் இன்றும் போற்றுகின்றனர்.

போடி மலைக்கும் ஒரு துயரம் உண்டு. 2018 மார்ச் 11 அன்று குரங்கணிச் சரிவில், நண்பர்களோடு மகிழ்ந்து நடந்த இளைஞர்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. குழு சிதறியது. இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். முதலில் ஓடிச் சென்று தூக்கியவர்களுள் மலையடிவார மக்கள் இருந்தனர். மாண்டவர் பெயர்களைக்கூட அவர்கள் அறிந்திருக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு கயிறு அவர்களை இழுத்திருக்க வேண்டும். மலையை அறிந்தவர் துணையும், திரும்பலாம் என்று உரிய நேரத்தில் சொல்லும் துணிவும் இன்றி எக்குழுவும் மலையேறலாகாது என்பதே அம்மரணங்கள் விட்டுச் சென்ற பாடம்.

கவிஞர் பெருமக்களே! பத்தாண்டு கண்ட ஓர் இலக்கிய வட்டத்திற்கும் இந்த அளவுகோல் பொருந்தும். முன்னே செல்பவர் எட்டிய உயரத்தைக் கொண்டு மட்டும் குழுவை அளக்க இயலாது; கடைசியில் நடப்பவர் எங்கே நிற்கிறார் என்பதும் கணக்கில் சேரும். தம் முதற் கவிதையைக் கையில் பிடித்தபடி இன்றும் எவரேனும் வாயிலில் தயங்கி நிற்கக்கூடும். அவருக்காக உள்ளிருந்து ஒரு குரல் விண்ணப்பிக்குமானால், அடுத்த பத்தாண்டும் இவ்வட்டம் தளராது ஏறும்.