அழுதவர் ஒருவர், சம்பாதித்தவர் வேறொருவர்



1987ஆம் ஆண்டு. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் வில்லியம்சன் என்றொரு சிற்றூர். எய்ட்ஸ் கண்ட ஓர் இளைஞர், தன்பாலீர்ப்பாளர், ஊர்ப் பொது நீச்சல் குளத்தில் இறங்கிவிட்டார். உடனே குளத்தை மூடிக் கழுவச் சொன்னார் மேயர். அந்த ஊருக்கே கேமராவோடு போனார் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஓப்ரா வின்ஃப்ரே. இளைஞரையும் ஊராரையும் ஒரே கூடத்தில் உட்கார வைத்தார். இளைஞரின் முகத்துக்கு நேரே வெறுப்பைக் கொட்டினார்கள் ஊரார். அவர் எழுந்து ஓடவில்லை, பதில் சொன்னார். நாடே பார்த்தது. பட்டப்பகலில், பொது மேடையில், அப்படி ஒரு மனிதருக்குப் பேச இடம் கிடைத்ததே, அது சின்ன விஷயமா?

அதே ஆண்டில் ஜார்ஜியாவின் ஃபோர்சைத் கவுண்டிக்கும் ஓப்ரா போனார். 1912இல் கறுப்பின மக்களை அடித்து விரட்டிய ஊர் அது. இனவெறியைப் பற்றித்தான் பேச்சு. ஆனால் அரங்கில் உள்ளூர்க்காரர்களுக்கு, அதாவது வெள்ளையருக்கு மட்டுமே இடம். கறுப்பினப் போராளிகள் வெளியே நின்றார்கள். யார் பேசலாம் என்பதை எப்போதும் மேடைக்குச் சொந்தக்காரர்தான் முடிவு செய்தார்.

தொண்ணூறுகளில் இத்தகைய பகல்நேரப் பேச்சு நிகழ்ச்சிகளுக்குள் போட்டி முற்றியது. லாரா கிரின்ட்ஸ்டாஃப் என்ற சமூகவியலாளர் இப்படிப்பட்ட நிகழ்ச்சிகளில் வேலைக்கே சேர்ந்து, உள்ளே நடப்பதைப் பார்த்து, 2002இல் புத்தகம் எழுதினார். அழைத்து வரப்பட்டவர்களில் பெரும்பாலோர் கையில் காசில்லாதவர்கள். விமானச் சீட்டும் ஓட்டல் அறையும் கிடைக்கும். சண்டைக்காரர்கள் இருவரையும் தனித்தனி அறையில் வைத்து, 'மனசில் இருப்பதை அடக்காதீர்கள்' என்று ஏற்றிவிட்டு மேடைக்கு அனுப்புவார்கள். ஒருவர் உடைந்து அழ வேண்டும், அல்லது கை ஓங்க வேண்டும். அந்த ஒரு நொடிக்காகத்தான் அத்தனை ஏற்பாடும். பிறகு படித்தவர்கள் அதைப் பார்த்து, 'ஏழைகளே இப்படித்தான்' என்றார்கள். ஏற்றிவிட்டவர்கள் திரையில் தெரியவே இல்லையே, தோழர்களே!

1995 மார்ச்சில் 'ஜென்னி ஜோன்ஸ்' நிகழ்ச்சிக்கு ஓர் இளைஞரை அழைத்தார்கள். 'உங்களை ரகசியமாக விரும்பும் ஒருவர் வருகிறார்' என்றார்கள். யார் என்று சொல்லவில்லை. வந்தவர் ஓர் ஆண். அரங்கம் ஆரவாரித்தது. மூன்றாம் நாள், விரும்புவதாகச் சொன்னவரை மிச்சிகனில் அவருடைய வீட்டிலேயே அந்த இளைஞர் சுட்டுக் கொன்றார். காதலைச் சொன்னதற்காக ஓர் உயிர் போனது. சுட்டவரின் குற்றத்தை நான் ஒரு துளியும் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

அதே ஆண்டில் அரசியல்வாதிகள் இந்நிகழ்ச்சிகளுக்கு எதிராகக் கிளம்பினார்கள். அந்தக் கூச்சலில், தன்பாலீர்ப்பாளர் தன் வாழ்க்கையைச் சொன்னதையும் நாற்காலி வீசிய சண்டையையும் ஒரே குப்பையாகக் கூட்டினார்கள். இதை நான் ஏற்க மாட்டேன். மேடையேறிய ஏழைகளும் கறுப்பினத்தாரும் தன்பாலீர்ப்பாளர்களும் குற்றவாளிகள் அல்லர். அவர்களுடைய அவமானத்தை விளம்பரக் காசாக்கியவர்களே குற்றவாளிகள்.

'ஜென்னி ஜோன்ஸ்' கொலையில் சுட்டவர் சிறைக்குப் போனார். 1999இல் நடுவர் குழு, இறந்தவர் குடும்பத்துக்கு நிகழ்ச்சித் தரப்பு 2.5 கோடி டாலர் தர வேண்டும் என்றது. 2002இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நிகழ்ச்சியோ 2003 வரை ஓடியது.