கடைசி வாங்குக்கும் கேட்கவேண்டும்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



வைத்தியர் ஒருவரை மேடைக்கு அழைத்தால் சலரோகம், இரத்த அழுத்தம் பற்றித்தான் பேசுவார் என்று நீங்கள் எதிர்பார்ப்பது இயல்பு. எங்கள் வகுப்பினர் கூடிக் கதைத்து, இந்தப் பத்து நிமிடத்தை வேறொரு விடயத்துக்குக் கொடுப்பதென்று தீர்மானித்தோம். நடிக்க ஆசைப்படும், ஆனால் எந்த அனுபவமும் இல்லாத ஒருத்தி எங்கே தொடங்குவது? இதைப் பேசுவது எங்களுக்கு ஒரு பழைய கடனை அடைப்பது போன்றது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஊரில் மின்சாரம் இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட காலம். பரிசளிப்பு விழா நாடகத்தைப் பகலிலேதான் மேடையேற்றினோம். ஒலிவாங்கி கிடையாது. நாடகம் பழக்கிய ரீச்சர் மண்டபத்தின் கடைசி வாங்கிலே போய் இருந்துகொண்டு, "பிள்ளையள், எனக்குக் கேட்கேல்லை" என்பார். நாங்கள் எல்லோரும் தொண்டை கிழியக் கத்தினோம். ஒருத்தி மட்டும் கத்தவில்லை. மூச்சை வயிற்றிலிருந்து எடுத்து, ஆறுதலாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். அது கடைசி வாங்குக்குக் கேட்டது. தலையில் கோதுமை மா பூசிக் கிழவியாக வந்த அந்தப் பதினைந்து வயதுப் பிள்ளையைப் பார்த்து எங்கள் அம்மாமார் அழுதார்கள்.

சாதாரண தரப் பரீட்சை முடிந்ததும் அவள், "நான் நாடகந்தான் படிக்கப்போறன்" என்றாள். "எடி, உனக்கென்ன விசரோ? கணக்கிலை இவ்வளவு மாக்ஸ் எடுத்துப்போட்டு நாடகமோ?" என்று கேட்டுச் சிரித்தவர்கள் அவளின் பெற்றோர் அல்லர், நாங்கள். அவள் வர்த்தகம் படித்தாள், வங்கியில் வேலை பார்த்தாள், கலியாணம் முடித்து இலண்டன் போனாள். நாங்கள் வைத்தியர்களாகவும் ஆசிரியைகளாகவும் கணக்காளர்களாகவும் ஆனோம். யாரும் அந்தச் சிரிப்பை நினைத்துப் பார்க்கவில்லை.

இரண்டு வருடங்களுக்கு முன் எங்கள் வட்ஸ்அப் குழுவில் அவள் எழுதினாள்: "பிள்ளையள் வளர்ந்திட்டினம். எனக்கு நடிக்க விருப்பம். அனுபவம் எண்டால் பள்ளிக்கூட நாடகம் ஒண்டுதான். எங்கை துவங்கிறது?" இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. ஆளுக்கொரு பக்கம் விசாரித்தோம். அதில் அறிந்துகொண்டவற்றையே இங்கு சொல்கிறோம்.

முதலாவது, அனுபவத்தோடு தொடங்கியவர் என்று ஒருவரும் இல்லை. கனடாவில், மிசிசாகாவில் வளர்ந்த எங்கள் ஈழத்தமிழ்ப் பெற்றோரின் பிள்ளை மைத்ரேயி இராமகிருஷ்ணன், 2019இல் நெற்ஃபிளிக்ஸ் தொடர் ஒன்றுக்குத் தெரிவானபோது அவருக்கிருந்தது பாடசாலை மேடை அனுபவம் மட்டுமே. திறந்த அழைப்புக்கு விண்ணப்பித்தவர்கள் ஏறத்தாழ 15,000 பேர். தோழியோடு உள்ளூர் நூலகத்துக்குப் போய்ப் பதிவு செய்து அனுப்பிய காணொளிதான் அவரின் முதற்படி. 2015இல் கான் திரைப்பட விழாவில் தங்கப் பனை விருது பெற்ற 'தீபன்' படத்தின் நாயகன் அன்ரனிதாசன் யேசுதாசனை நாம் ஷோபாசக்தி என்ற எழுத்தாளராகவே அறிந்திருந்தோம். இங்கே யாழ்ப்பாணத்தில், 1985இல் ஊரூராகச் சென்ற 'மண் சுமந்த மேனியர்' நாடகத்தில் நடித்தவர்களும் பல்கலைக்கழக மாணவர்களே. குழந்தை ம. சண்முகலிங்கம் அவர்கள் 1978இல் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கியபோது வந்து சேர்ந்தவர்களில் தொழிலுக்குப் போய்வந்த சாதாரண மனிதர் பலர்.

ஆனால் வைத்தியர்கள் நாங்கள் ஒரு பக்கத்தை மட்டும் சொல்லி மருந்து கொடுக்கக்கூடாது. 15,000 பேரில் ஒருவர் தெரிவானால் மற்றவர்கள் அனைவரும் வீட்டிலேதான் இருந்தார்கள். ஆகவே நடிப்பைத் தொடங்குபவர் முதலில் சோற்றுக்கு ஒரு வழி வைத்திருக்க வேண்டும். பகுதிநேர வேலையோ வேறொரு படிப்போ எதுவும் வெட்கமல்ல. நிராகரிப்பு இந்தத் தொழிலின் அன்றாடம் என்பதையும் முன்பே அறிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது, பயிற்சி. நாட்டில் இருப்பவர்களுக்கு நாடகமும் அரங்கியலும் பாடசாலையிலேயே ஒரு பாடம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் மட்டக்களப்பில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலும் அதைப் பட்டமாகப் படிக்கலாம். வெளிநாட்டில் இருப்பவர்கள் மாலைநேர வகுப்பிலோ ஊர் நாடகக் குழுவிலோ சேரலாம். முதல் வருடத்தில் உங்களுக்குக் கதிரை தூக்கும் வேலைதான் கிடைக்கும். தூக்குங்கள். ஒத்திகையை ஓரமாக நின்று பார்ப்பதும் படிப்புத்தான்.

மூன்றாவது, தெரிவுக்கு அனுப்பும் காணொளி. இதற்குப் பெரிய கமெரா தேவையில்லை. கைத்தொலைபேசியைக் கிடையாக வையுங்கள். பின்னால் வெறுஞ்சுவர், முகத்துக்கு நேரே யன்னல் வெளிச்சம். எதிர்ப்பாத்திரத்தின் வசனத்தைக் கமெராவுக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று வாசிக்கட்டும். சத்தம் தெளிவாக இருக்கட்டும். அறிவுறுத்தலில் என்ன கேட்டிருக்கிறார்களோ அதை மட்டும் அனுப்புங்கள்.

நான்காவது, அவதானம். தாய்மாரும் கேட்டுக்கொள்ளுங்கள். வாய்ப்புத் தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்பவரை நம்பக்கூடாது. ஒழுங்கான முகவர் வேலை கிடைத்தபின் அந்தச் சம்பளத்தில்தான் தன் பங்கை எடுப்பார். தெரிவுக்குத் தனியாக ஹோட்டல் அறைக்கோ வீட்டுக்கோ போகவேண்டாம். எங்கே போகிறோம், யாரைச் சந்திக்கிறோம் என்பது வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவருடன் பெற்றோர் கட்டாயம் போகவேண்டும். ஒப்பந்தத்தை வாசிக்காமல் கையொப்பம் வைக்காதீர்கள்.

இனி எங்கள் தோழியின் கதைக்கு வருவோம். ஒரு வருடம் மாலை வகுப்புக்குப் போனாள். அனுப்பிய காணொளிகளுக்குப் பெரும்பாலும் பதிலே வரவில்லை. பிறகு சம்பளத்தோடு அவளுக்குக் கிடைத்த முதல் நடிப்பு வேலை எது தெரியுமா? ஒரு மருத்துவ பீடத்தில் நோயாளியாக நடிப்பது.

அந்த வேலையை வைத்தியர்கள் நாங்கள் நன்றாக அறிவோம். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஹவர்ட் பரோஸ் என்ற நரம்பியல் வைத்தியர், மாணவர்களைச் சோதிப்பதற்காக ஒரு பெண்ணுக்கு நோயாளியாக நடிக்கப் பழக்கினார். அவர் நடிகையல்லர், ஓவியர்களுக்கு மாதிரியாக நிற்பவர். இன்று அது உலகெங்கும் மருத்துவக் கல்வியின் பகுதி. எங்களில் இங்கிலாந்து போனவர்கள் மன்செஸ்ரரில் பிளாப் பரீட்சைக்கு இருந்தபோது, எதிரே இருந்து நெஞ்சு நோகிறது என்றவரும், துக்கச் செய்தி கேட்டுக் கண் கலங்கியவரும் இப்படிப் பழக்கப்பட்டவர்களே. அவர்கள் முன்னால்தான் நாங்கள் பதறாமல் கதைக்கப் பழகினோம்.

எங்கள் தோழி இப்போது, பிள்ளைக்குப் பாரிய வருத்தம் என்று முதல்முறையாகக் கேட்கும் தாயாக இருக்கிறாள். ஒரே நாளில் பத்துப் பன்னிரண்டு மாணவர்கள் வருவார்கள். ஒவ்வொரு முறையும் அதைப் புதிதாகக் கேட்கவேண்டும். முடிந்தபின், "நீங்கள் கடிகாரத்தைப் பார்த்தபோது எனக்குத் தனித்துவிட்டது போல இருந்தது" என்று அந்த மாணவரிடம் சொல்லவும் வேண்டும். "நீங்கள் எல்லாரும் டொக்டராகிப் போட்டியள். நான் உங்களுக்கு வருத்தக்காரியா நடிச்சுச் சம்பளம் எடுக்கிறன்" என்று சொல்லி அவள் சிரித்தாள். நாங்களும் சிரித்தோம். பிறகுதான் ஒருத்தி, "எங்களை மன்னிச்சுக்கொள்ளடி" என்றாள். அவள், "எதுக்கு?" என்று கேட்கவில்லை. "சரி" என்று மட்டும் சொன்னாள். முப்பது வருடமாக அவள் அதை மறக்கவில்லை என்பது எங்களுக்கு அப்போதுதான் விளங்கியது.

தங்கைமாரே, உங்கள் வகுப்பில் ஒருத்தி வித்தியாசமான ஓர் ஆசையைச் சொன்னால், வீட்டுக்கும் ஊருக்கும் முன்னால் அவளுக்கு மறுமொழி சொல்பவர்கள் நீங்கள்தான். அவள் ஆசை நிறைவேறும் என்று பொய் சொல்ல வேண்டாம். சிரிக்காமல் இருந்தால் போதும்.

எங்கள் வகுப்பின் நூற்றாண்டு அன்பளிப்பாக, இந்த மண்டபத்தில் வருடந்தோறும் ஒரு நாடகப் பயிற்சிப் பட்டறையை நடத்தும் செலவை நாங்கள் பொறுப்பேற்கிறோம். எந்தப் பிரிவில் படிப்பவரும் வரலாம். முன் அனுபவம் தேவையில்லை. அந்தக் கடைசி வாங்கு இன்னும் அங்கேயே இருக்கிறது; ரீச்சரின் இடத்தில் யாராவது போய் இருந்தால் சரி.

எங்கள் தோழி இன்று இங்கு வரவில்லை. வரச்சொல்லிக் கேட்டோம். இந்தக் கிழமை வேலை இருக்கிறதாம்.